ரொட்டிப் பெட்டிக்குள் ஒரு கை

என் அக்கா பெட்டிக்குள் கையைப் பிடித்த கதையை எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். பக்கத்திலேயே நின்றவள் நான், நான் சொல்வதுதான் அசல்.

அக்கா ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். போனைக் காதில் மாட்டினால் பெரிய டாக்டரையே அதட்டுவாள். ஆனால் ஆளை நேரில் நிறுத்திவிட்டால் போச்சு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்கென்றே கட்டியதுபோல வாய்த்தது எங்கள் வீடு. தடித்த தூண்கள்மேல் நிற்கும், பூசாத கான்கிரீட் பூதம். கட்டடக்கலை மாணவர்கள் வந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு போவார்கள். மொட்டை மாடியில் எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் கூடம், குழந்தைகளுக்குக் குளம். நடு மாடியில் கடைகள். வீடுகளுக்கு நடுவே ஓடும் அகலமான நடையை நாங்கள் தெரு என்றுதான் சொல்வோம். இங்கே ஒருத்தரும் தனியாக இருந்துவிடக் கூடாது என்று கட்டியவர் கங்கணம் கட்டிக்கொண்டார் போல. தெருவின் இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் நலம் விசாரிப்பார்கள்.

ஒவ்வொரு வாசலுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு பெட்டி. அதற்கு வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு. நடு மாடி பேக்கரியின் ரொட்டிக்காரர் காலையில் வெளிக்கதவைத் திறந்து ரொட்டியை வைப்பார், நாம் உள்ளிருந்து எடுத்துக்கொள்ளலாம். முகம் பார்க்கவே வேண்டாம். அக்காவுக்கு வேறென்ன வேண்டும்! பேக்கரிக்குப் போகச் சொன்னால் என்னை அனுப்புகிறவள், நைட் டூட்டி முடிந்து காலையில் வந்ததும் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் கண்ணுக்குத் தெரிவது மாவு படிந்த ஒரு வெள்ளைக் கையுறை, அவ்வளவுதான்.

"சூடா இருக்கு, பாத்து எடுங்க."

"நேத்து கருகியிருந்துச்சே, யாரை நெனச்சிக்கிட்டு சுட்டீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கம் இவளுக்குக் காது சிவக்கும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"கதவத் தெறந்து பேசித் தொலையேன்க்கா!"

ஒருநாள் அவரே சொன்னார்: "நாளையோட சரிங்க. வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. போகாதேன்னு சொல்ல இங்க எனக்கு ஆளா இருக்கு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் வெளிக்கதவு மூடிவிட்டது. பகல் முழுக்க அழுதாள். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவு பிடித்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

"நாளைக்கு நீ கேக்கலேன்னா நானே அவரைக் கட்டிக்குவேன், பாத்துக்க" என்று மிரட்டினேன்.

மறுநாள் பெட்டியின் வெளிக்கதவு திறந்தது. வெள்ளைக் கையுறை, அதன்மேல் வெள்ளை மாவு. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, தன் ஆஸ்பத்திரிக் குரலில் கத்தினாள்.

"போகாதீங்க! என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க!"

அந்தக் கை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தது.

"அம்மா தாயே, கைய விடும்மா! நான் நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர்மா! கரப்பான் மருந்து தூவ வந்தேன். என் பொண்டாட்டி கேட்டா என்னைக் கொன்னுடுவா!"

தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. செயலாளர் பெண்டாட்டியின் கதவுதான் முதலில். சிரிப்பென்றால் சிரிப்பு, கான்கிரீட்டே குலுங்கியிருக்கும். அக்கா ஸ்டூலோடு சரிந்தாள். அப்போது மூன்று வீடு தள்ளி ஒரு ரொட்டிக்கூடை தொப்பென்று விழுந்தது.

"அவருக்கு வேண்டாம்னா நான் பண்ணிக்கிறேங்க!"

ஆளைக் கண்டால் ஒளிகிற என் அக்கா எழுந்துபோய்த் தானே வாசல் கதவைத் திறந்தாள். ரொட்டிக்காரர் கையுறையை உருவிப்போட்டு, மூச்சு வாங்க எதிரில் நின்றார். அந்த முகத்தை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள்.

நான் நடுவில் பாய்ந்தேன்.

"அய்யோ, தொடாதக்கா! மொதல்ல போய் கையக் கழுவு, பூரா கரப்பான் மருந்து!"