குதிரை வாயருகே வைத்த கொள்ளு

காலை ஐந்தே முக்கால் மணி. ஓசூரில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சமையல் மேடையில் ஈரத்துணி போட்டு மூடியிருந்த எவர்சில்வர் கிண்ணம். துணியை விலக்கிப் பார்த்தேன். ஊறவைத்த கொள்ளு. உள்ளறையில் அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வந்து சேர்வதற்குள் அண்ணன் உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாள் உகாதி.

கிண்ணத்தில் கொள்ளு ஏன் இருந்தது என்பதை இந்த முதலாண்டு நினைவு மலரைப் பெறும் உறவினர்கள் அறிவார்கள். நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டிய எங்கள் ஊரில். ராகியும் அவரைக்காயும் விளையும் மேட்டு நிலம். கதிர் முற்றும் மாதங்களில் அப்பா காவல் பரண் மேல்தான் இருப்பார். ஒரு வருடம் யானைகள் ஒரே வாரத்தில் மொத்த ராகியையும் தின்றும் மிதித்தும் போயின. அந்த வருடம்தான் அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்து ஓசூர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சீருடை போட்டு ஷிப்டுக்குப் போனவர் அவர். பல்சக்கரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, தரச் சோதனைப் பிரிவில் ஓய்வு பெற்றார். அளவு தவறிய பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குவது அவர் வேலை. கட்டிய அட்டையை மேலதிகாரி சொல்லியும் அவிழ்க்க மறுத்து, இரண்டு முறை வேறு ஷெட்டுக்கு மாற்றப்பட்டார். இதை அவர் வீட்டில் சொன்னதில்லை. உடன் வேலை செய்த கன்னடக்காரர் ஒருவர் இறுதிச் சடங்கன்று சொல்லித்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் ஜமேதார் வீடு என்று பெயர். கம்பெனிக்காரன் ஆட்சியில் மலைப்பாதைகளைக் காக்க வைத்திருந்த ஊர்ப்படைக்குத் தலைவராக ஒரு ஜமேதார் இருந்தார். அவருடைய மகன் தொட்டமுனியன், அந்தத் தொட்டமுனியன் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்பட்ட செய்தி. எங்கள் நிலத்தின் மேற்கு மூலையில் ஜமேதாரின் நடுகல் இருந்தது. குதிரை மேல் ஒருவர், ஓங்கிய வாள். குதிரையின் தலைக்குக் கீழே, கடிவாளத்தைப் பிடித்தபடி முழங்கால் உயரத்துக்கு ஒரு சிறிய உருவம். சிறுவயதில் அதைச் சமையல்காரன் என்போம். உகாதிக்கு மறுநாள், ஊரெல்லாம் கறி சமைக்கும் நாளில், நாங்கள் அந்தக் கல்லுக்கு ஆடு வெட்டுவோம். அதற்கு முன் குடும்பத்தின் மூத்த ஆண் ஒரு கைப்பிடி ஊறிய கொள்ளைக் கல்லில் வைக்க வேண்டும். வைக்கும் இடம் குதிரையின் வாயருகே. அப்பா காலமான பிறகு அதை வைத்தவர் அண்ணன்.

நிலத்தை விற்றது நாங்கள் எல்லோரும். அண்ணனும் கையெழுத்திட்டார். வாங்கிய நிறுவனத்தின் நில அலுவலர் ஒரு வழி சொன்னார். அந்தக் கல் குடும்பத்து முன்னோருடையது என்று ஆதாரத்துடன் எழுதிக் கொடுத்தால், சுற்றிலும் பத்தடி விட்டு வேலி போட்டுத் தருவார்கள். ஆதாரம் தேடும் பொறுப்பை எல்லோரும் அண்ணனிடம் விட்டோம். ஓய்வு பெற்றவர், நேரம் இருந்தது.

ஒன்றரை வருடம் அலைந்தார். அதிகாலை ரயிலில் சென்னைக்குப் போய், ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் திரும்புவார். பழைய ஆங்கிலக் கையெழுத்தை எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் வரைந்து படிக்கக் கற்றார். கடைசியில் ஒரு தாள் கிடைத்தது. அதன் நகலை எடுத்துக்கொண்டு, சேலத்தில் ஒரு நாளிதழில் பிழைதிருத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். அவரே அதைப் பலமுறை படித்திருந்தார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று சந்தேகம். அவர் படித்தது சரிதான்.

ஜமேதார் காய்ச்சலில் இறந்திருக்கிறார். அவருக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லை. அவர் பயிரிட்ட நிலம், அவருடைய குதிரையைப் பராமரித்துவந்த தொட்டமுனியன் பெயருக்கு மாற்றப்பட்டது.

என் நாளிதழ் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் டீயைக் குடிக்கவில்லை. சொன்னார்:

"கொள்ளை ஏன் குதிரை வாய்கிட்ட வெக்கிறோம்னு அப்பாவைக் கேட்டேன்டா, சின்ன வயசுல. அப்பிடித்தான் வெக்கணும்னாரு. ஏறி உக்காந்தவர் வாரிசா இருந்தா அவர் காலடியில இல்ல வெச்சிருப்போம்?"

அண்ணன் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாம ஏறினவங்க இல்லடா. பிடிச்சவங்க."

அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தச் சிறிய உருவத்தை இத்தனை வருடம் யாரென்று தெரியாமலே விட்டோமே என்றார்.

உறவினர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் சித்தப்பா வீட்டில் எல்லோரும் கூடினோம். கல்யாணப் பத்திரிகைகளில் ஜமேதார் வம்சம் என்று அச்சிட்டுப் பெண் கொடுத்தும் எடுத்தும் இருக்கிறோம், குதிரைக்காரன் பேரன்கள் என்று தெரிந்தால் சம்பந்திகள் முன் எப்படி நிற்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். சித்தப்பா ஒரு வழி சொன்னார்.

"கல்லு நிக்கணும்னா அந்த ஒரு தாளை மட்டும் மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கப்பா. மத்ததைக் குடு. கேட்டா பாத்துக்கலாம்."

"அளவு தப்புன்னு தெரிஞ்சே பாஸ் போட்டா, வண்டியில ஓடும்போதுதான் சித்தப்பா உடையும்."

"கேட்டீங்களா? கியருக்குக் கட்டிக் கட்டி, இப்ப சாமிக்கே சிவப்பு அட்டை கட்டிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அன்று சித்தப்பா வீட்டில் சாப்பிட்டதுதான் அவர் அங்கே சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு. திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் நானும் சொன்னேன். அந்தத் தாளை விட்டுவிடலாம் அண்ணா, எல்லோருக்கும் நல்லது என்றேன். சித்தப்பா சொன்னதையே நயமான வார்த்தைகளில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் தேன்கனிக்கோட்டைப் பேருந்து வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் எல்லா நகல்களையும் கடிதத்தையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, அந்த நிறுவனத்தின் நில அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினார். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் நிலம் சமன் செய்யப்பட்டது. கல் இல்லை. உடைந்ததா, மண்ணுக்கு அடியில் போனதா, யாராவது எடுத்துப் போனார்களா என்று இன்றுவரை தெரியவில்லை. அண்ணன் போய் விசாரித்தார். முன்பிருந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

நம்முடையது இல்லை என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான், அதனால்தான் கல் போயிற்று என்று குடும்பத்தில் முடிவாயிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து நடந்த இரண்டு திருமணங்களுக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, அவருக்கு வரவில்லை. நான் போனேன்.

அதன் பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. கடைசி இரண்டு வருடம், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கூட்டிப்போய், முடியும்வரை இருந்து, கூட்டிவருவார். அந்த இரண்டு வருடங்களில் நான் ஆறு முறை வந்து பார்த்தேன். மற்ற உறவினர்கள் வந்ததாக அண்ணிக்கு நினைவில்லை. ஒருமுறை அண்ணன் என்னிடம், நான் எழுதினதாலதான் எடுத்துட்டாங்களாடா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை.

கல் போன பிறகும் ஒவ்வொரு உகாதி மாலையிலும் அவர் கொள்ளை ஊறவைப்பார் என்று அண்ணி பிறகு சொன்னார். மறுநாள் அதை என்ன செய்வார் என்று கேட்டேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கி வந்த பசு ஒன்று பின்தெருவில் இருக்கிறது, அதற்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார் என்றார். கடைசியாக ஊறிய கொள்ளை அன்று யாரும் எடுத்துப்போய் வைக்கவில்லை. இரண்டாம் நாள் பார்த்தபோது முளை விட்டிருந்தது.

இந்த ஓராண்டில் அண்ணிக்குத் துணையாக இருந்த அண்டை வீட்டாருக்கும், ஒருமுறைகூடக் காத்திருக்கக் கூலி கேட்காத ஆட்டோ தம்பிக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியருக்கும், பழைய தொழிற்சாலைத் தோழர்களுக்கும், காப்பகத்தில் அண்ணனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த பெயர் தெரியாத ஊழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து எல்லா வேலைகளையும் முன்நின்று செய்த சித்தப்பாவுக்கும் நன்றி.

இந்த மலரின் அட்டையில் போட நடுகல்லின் படம் தேவைப்பட்டது. எங்கள் யாரிடமும் இல்லை. அண்ணன் எடுத்த ஒரே படத்தை அந்த உறையில் வைத்துக் கொடுத்துவிட்டதாக அண்ணி சொன்னார். ரசீதை எடுத்துக்கொண்டு போன மாதம் நில அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் பழைய அலமாரி ஒன்றில் நெடுநேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். உள்ளே படமும் நகல்களும் ஒரு பக்கக் கடிதமும் இருந்தன. கடிதத்தின் கடைசி வரிகள் இவை:

"நாங்கள் ஜமேதாரின் வாரிசுகள் அல்ல. அவருடைய குதிரைக்குத் தீனி வைத்தவரின் வாரிசுகள். கல்லில் அவரும் இருக்கிறார். அதனால் இந்தக் கல் எங்கள் முன்னோருடையது. இருந்த இடத்திலேயே இருக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அந்த உறையை முதன்முதலில் பிரித்தவன் நான்.