விதை என்று நான் நினைத்தது

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். காலையில் மண்ணூரில் வண்டியை எடுத்து, வழியில் நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் வல்லம் வடகாலில் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டால், ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் பார்க்கிங் கிரவுண்டில்தான் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிடுவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. கிரவுண்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. அதன் கரையில் நடந்துகொண்டிருப்பேன்.

என் மனைவிக்கு வேறொரு கம்பெனியில் வேலை. செல்போனுக்குள்ளே போகிற குட்டி போர்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆசையாக இருக்கும்.

"ஒரு நாள் போர்டு மேல ஒரு எறும்பு ஏறிடுச்சுங்க. அதோட கண்ணைப் பாத்தேன். சின்னச் சின்னதா கட்டம் போட்ட மாதிரி கீது" என்றாள் ஒரு முறை.

போன் கூட உள்ளே எடுத்துப் போக விடமாட்டார்கள் என்பதால் என்னிடம் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் கிடையாது. தினமும் அவள் பார்க்கிற ஒன்றை நான் பார்த்ததில்லையே என்று மனதுக்குள் இருந்தது. போன வருடம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காயலான் கடையில், ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்று மின்விசிறிகளுக்கு நடுவில் கிடந்ததைப் பார்த்தேன். பல்பு இல்லை. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, வெளிச்சத்தை மேலே திருப்பிவிட. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான் லென்ஸையெல்லாம் துடைத்து, எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"கண்ணை வெச்சுக்கினே லென்ஸைக் கீழ இறக்காதீங்க. சைடுல இருந்து பாத்து நல்லாக் கீழ இறக்கிட்டு, அப்புறம் கண்ணை வெச்சு மெதுவா மேல தூக்குங்க. இல்லன்னா கண்ணாடி உடையும்."

மறுநாளிலிருந்து மைக்ராஸ்கோப்பும் என்னோடு பஸ்ஸில் வந்தது. ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, கடைசி சீட்டில் வைத்துப் பார்ப்பேன். முதல் நாளே ஒரு முட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். அழகான வட்டம், சுற்றிலும் கெட்டியான கறுப்பு ஓடு. போனை லென்ஸ் மேல் வைத்து எப்படியோ ஒரு படம் எடுத்து, இந்த மாதிரிப் படங்களைப் போடுகிற ஒரு குழுவில் "மீன் முட்டை" என்று போட்டேன். ஒருவர் பதில் எழுதினார்: "நண்பரே, இது காற்றுக் குமிழி. எல்லாருக்கும் முதல் படம் இதுதான்."

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவசரப்படக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பார்த்ததும் பெயர் சொல்லாமல், நகர்கிறதா, எவ்வளவு பெரிசு, எதன் மேல் ஒட்டியிருந்தது என்று பார்க்கப் பழகினேன். பக்கத்து பஸ்ஸில் ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டிருந்தால் எங்கள் வண்டியும் அதிர்ந்து படம் கலங்கிவிடும். அதனால் வேப்ப மரத்தடியில் தனியாக நிறுத்த ஆரம்பித்தேன். வெயிலை நேராகக் கண்ணாடியில் விழ விட்டால் கண் கூசுகிறது. பட்டர் பேப்பர் ஒரு துண்டைக் கண்ணாடி மேல் ஒட்டினேன். போன் ஆடாமல் நிற்க வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் ரோல் ஒன்று லென்ஸ் குழாய்மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அதன் மேல் போனைப் படுக்கவைத்தால் ஆடவில்லை. அந்த ஏற்பாட்டில் நான் எடுத்த முதல் நல்ல படம் ஸ்பைரோகைரா என்கிற பாசி. பச்சைக் குழாய்க்குள் ஸ்பிரிங் சுற்றிவைத்த மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தும், அதுவரை பாசி என்றாலே எனக்கு வழுக்கிவிழுகிற சமாச்சாரம்தான். யாரையும் கேட்காமல் நானே பெயரைக் கண்டுபிடித்து எழுதினேன். யாரும் திருத்தவில்லை.

கோடை வந்து ஏரி ஓரமாக வற்றியபோது, சேற்றில் ஒரு தெர்மாகோல் துண்டு கிடந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மூக்குப்பொடி மாதிரித் தூள் விழுந்தது. அந்தத் தூளைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நீள்வட்டம். நடுவில் காப்பி நிறம், சுற்றிலும் வெளிர் மஞ்சளில் ஒரு வளையம், வளையத்துக்குள்ளே தேன்கூடு மாதிரி நுணுக்கமான அறைகள்.

நான் விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவன். நெல்லையும் களையையும் முளையிலேயே பிரித்துச் சொல்வேன். இது ஏதோ தண்ணீர்ச் செடியின் விதை, அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீரில் போட்டால் மிதந்தது. மிதந்து போய் வேறு இடத்தில் முளைக்கத்தான் அந்த அறைகள் என்றும் புரிந்தது. படத்தோடு அப்படியே எழுதிக் குழுவில் போட்டேன்.

குமிழி என்று சொன்ன அதே ஆள்தான் பதில் எழுதினார். "மிதப்பதற்கான அறைகள் என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் இது செடியுடையது இல்லை என்று நினைக்கிறேன். பிரையோசோவா என்று ஒரு உயிரி, பாசி மாதிரி ஒட்டி வளரும். வறட்சி வந்தால் இப்படி ஓடு கட்டிய மொட்டுகளை விட்டுவிட்டுச் செத்துப்போகும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது."

எனக்கு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "ஒரு பிராணி எப்படி விதை போடும்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் பூண்டு உரித்துக்கொண்டே, "சண்டை எதுக்கு? ஊற வெச்சுப் பாருங்க. விதையா இருந்தா முளை வரும்" என்றாள்.

தயிர் டப்பாவில் ஏரித் தண்ணீர் ஊற்றி, தூளைப் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தோம். முதல் தடவை அழுகி நாற்றம் அடித்தது. தூளில் ஒட்டியிருந்த அழுக்குதான் காரணம் என்றாள். அடுத்த தடவை அவளே உட்கார்ந்து, பல் குத்துகிற குச்சியின் நுனியை நனைத்து, நல்லவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். போர்டில் மணலளவு பாகங்களை நகர்த்திப் பழகிய கை. எனக்குக் கை நடுங்கும். நான் தினமும் புதுத் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வடிகட்டி மாற்றினேன்.

அவளுக்கு வார லீவாக இருந்த ஒரு நாள், மைக்ராஸ்கோப்பை வீட்டில் அவளிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தியதும் போனைப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது, எதையோ எழுப்பிவிடப் பயந்தவள் மாதிரி.

"ஏங்க, ஒண்ணு பிளந்துகினு கீது. கிளிஞ்சல் தொறந்த மாதிரி ரெண்டு ஓடு. நடுவுல இருந்து ஒண்ணு வெளிய வந்திருக்கு. முளை இல்லைங்க. அதுக்குக் கை கீது."

நான் அதை நாலைந்து தடவை கேட்டிருப்பேன். அன்றைக்கு ஷிஃப்ட் முடிகிற வரை எப்படிக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் அதை ஒரு ஸ்வீட் பாக்ஸின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியில் தண்ணீரோடு மாற்றி, மைக்ராஸ்கோப்பில் தயாராக வைத்திருந்தாள். குனிந்து பார்த்தேன். இரண்டு ஓடுகளுக்கு நடுவிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு சின்ன உடம்பு எழுந்து நின்றது. அதன் தலையில் லாட வடிவில் ஒரு வரிசை விரல்கள், புனல் மாதிரி விரிந்து, ஒவ்வொரு விரலும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மிதந்து வந்த பச்சைத் தூசி ஒன்று சுழன்று அந்தப் புனலுக்குள் போனது. சாப்பிடுகிறது. சேற்றில் காய்ந்து தூளாகக் கிடந்தது எங்கள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

"தப்பாச் சொல்லிட்டேனே" என்றேன். வருத்தமெல்லாம் இல்லை. தப்பு என்று தெரிந்ததில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

"அப்புறம் வருத்தப்படலாம். போட்டோ எடுங்க, வெளிச்சம் போகுது" என்றாள்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. தெருவில் லாரி போனால் மேசை அதிரும், உடனே விரல்களை மடக்கி உள்ளே போய்விடும். நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு முதலில் விரல் நுனிகள் ஒரு கட்டாக மெல்ல எட்டிப்பார்க்கும், அப்புறம் பூ மாதிரி விரியும். போனைத் தொடுவதற்குள் அடுத்த லாரி வரும். அவள் கீழே இருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தை வாங்கித்தந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எடுத்ததில் பெரும்பாலானவை கலங்கிப்போயின. ஒன்று மட்டும் நன்றாக விழுந்தது. இரண்டு ஓடுகளும் தெரிந்தன, விரித்த விரல்கள் அத்தனையும் தனித்தனியாகத் தெரிந்தன.

குழுவில் போட்டபோது "விதை என்று நான் சொன்னது தப்பு. நானும் என் மனைவியும் முளைக்க வைத்துப் பார்த்தோம்" என்று எழுதினேன். குமிழிக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: "படத்தில் மட்டும்தான் இதை நான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. பொறாமையாக இருக்கிறது." அதை மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, தன் லைனில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் அந்தப் படத்தை அனுப்பினாள். "நான்தான் முதல்ல பாத்தேன்னு சொன்னேன்" என்றாள். அது உண்மைதான்.

மறுநாள் மூடியோடு அதை பஸ்ஸில் கொண்டுபோனேன். வேப்ப மரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வண்டி டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு ஏறி வந்தார். என்னைவிட மூத்தவர், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்.

"இன்னாபா பண்ணிக்கினு கீற தினமும்?"

"பாருங்கண்ணே."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"இது எங்க ஊர் ஏரியிலயா கீது?"

"இதோ, அந்தக் கரையிலதான் எடுத்தேன்."

அவர் நிமிர்ந்து ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். பிறகு படியில் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த மற்றவர்களை ஒவ்வொரு வண்டியாகத் தட்டி எழுப்பப் போனார். கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டைகள் என் வண்டியின் நடுவழி முழுக்க வரிசையில் நின்றன. நான் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரிடமும், "வண்டி ஆடாம வாங்கண்ணே, ஆடினா உள்ள போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேரும் பாதம் வைக்கிற சத்தம் கூடக் கேட்காமல் வந்தார்கள்.