இளவரசன் கன்னத்து மஞ்சள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் துடைத்த துணி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

என் கணவர் கசியானோ சரித்திர ஓவியர். ஸ்பெயினில், எங்கள் ஊரான சரகோசாவிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஐம்பது வயதில்தான் நகர மன்ற மண்டபத்துக்குப் பெரிய படம் வரையும் வாய்ப்பு வந்தது. செத்துக் கிடக்கும் இளவரசன் படம். பிணமாகப் படுக்க ஊரில் ஒருவரும் ஒப்பவில்லை. கியூபா போருக்குப் புறப்படவிருந்த எங்கள் மகன் ஹசிந்தோவையே படுக்க வைத்தார்.

"உசுரோட இருக்கிற பிள்ளையைப் பொணமா வரையாதீங்க," என்றேன்.

"சும்மா படுத்துக் கிடக்கச் சொல்றாரும்மா. பட்டாளத்துல இந்த சுகம் கிடைக்குமா?" என்று சிரித்தான் ஹசிந்தோ.

அவன் கப்பலேறிப் போனான்.

ஆகஸ்ட் 9. மதியம் மூன்று மணி. ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். படக்கூடத்துக்குள் போனேன். காலையில் வெளுத்திருந்த இளவரசன் கன்னம் மஞ்சளாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம். லேசான சூடு... சாயம் கரைக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். பழைய நிறம் வந்தது.

மறுநாள் மூன்று மணி. மறுபடி மஞ்சள்.

"நீங்களா பூசுறீங்க?"

"நான் தொட்டே பத்து நாளாச்சு."

தினமும் மூன்று மணிக்குத் துடைத்தேன். 13ஆம் தேதி, கழுத்து வரை மஞ்சள். துடைத்தேன். பயம்கூட வரவில்லை.

14ஆம் தேதி மதியத்துக்கு முன்பே மஞ்சள் ஏறியிருந்தது. அவர் படக்கூடத்துக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் படத்தைப் பார்க்க வராங்க. செத்தவன் நெறம் இப்பத்தான் சரியா வந்திருக்கு. நீ தொடைச்சுக் கெடுக்காதே."

போய்ப் படுத்தார். குறட்டை கேட்டது.

நான் கதவடியில் உட்கார்ந்தேன்.

மணி மூன்று அடித்தது.

உள்ளே... ஒரு பெருமூச்சு.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவரை எழுப்பியிருக்கலாம். கதவை உடைத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

படத்தை எல்லோரும் மெச்சினார்கள். அந்த நிறத்தைத்தான் அதிகம் மெச்சினார்கள்.

அக்டோபரில் ஹசிந்தோவின் பட்டாளத்து நண்பனிடமிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் காய்ச்சல். உயிர் போனது ஆகஸ்ட் 14, காலை ஒன்பதரை. கியூபாவில் ஒன்பதரை என்றால் இங்கே மூன்று மணி என்று பாதிரியார் சொன்னார்.

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது:

"முதல் ஐந்து நாளும் அதே நேரத்துக்குக் காய்ச்சல் இறங்கும். 'அம்மா மூஞ்சியைத் தொடைக்கிறாங்க, டர்பன்டைன் வாசனை அடிக்குது' என்பான். கடைசி நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். 'இன்னைக்கு அம்மா வரலையே' என்றான்."