ஒன்பது குடுவை மழை

என் அண்ணியின் வாயிலிருந்து ஒரு பொய்யை வரவழைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆசையாகப் போய் நின்றால், "தோள் சரியில்ல, பிரிச்சுத் தைக்கச் சொல்லு" என்பார். தைத்தவன் என் அண்ணன்தான். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தான். பெண்டாட்டி சொன்னால் வேதவாக்கு, சிரித்துக்கொண்டே பிரித்துத் தருவான்.

அண்ணிக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. ஊர் அவருக்கு வைத்த பெயர் மழையம்மா. நிலையத்தின் பின்னால் கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். அவருக்கு முன்னால் இருந்த ஆள் வீட்டில் படுத்தபடியே எண்களை எழுதி வந்த புண்ணியவான். அண்ணி காய்ச்சலோடும் போய், குனிந்து பார்த்த பிறகுதான் எழுதுவார்.

மூன்று வருடமாக அவர் எழுதியது பெரும்பாலும் பூஜ்யம். ஏரி வெடித்துக் கிடந்தது. சபையில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தோம். பூஜ்யம் எழுதிய கையோடு ஓடி வந்து முதல் ஆளாக முழங்காலில் நிற்பவர் அண்ணிதான். "மேகமும் அவரோடது, காத்தும் அவரோடது. கேக்கறது மட்டும்தான் நம்ம வேலை" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் பிடித்த மழை மறுநாள் காலைவரை விடவில்லை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நீ போய் அளந்துக்கிட்டிரு. வாய்க்கால்ல தண்ணி ஓடுதாம், நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று குடையோடு கிளம்பினான்.

அண்ணி மழைமானியைத் திறந்தார். ஒரு குடுவைக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர். நிரப்பினார், பார்த்தார், கொட்டினார். ஒவ்வொரு குடுவைக்கும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். ஒன்பது குடுவை, அதற்கு மேல் ஆறு மில்லிமீட்டர். அதே நேரத்தில்தான் வாய்க்கால் கரை இடிந்து என் அண்ணனை இழுத்துக்கொண்டு போனது. அவன் தண்ணீரில் தத்தளித்தபோது, தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது அண்ணிக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் உடலை வீட்டில் வைத்துவிட்டு எட்டரைக்கு அளக்கப் போனார். இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று மனதுக்குள் திட்டினேன். உண்மையைச் சொன்னால், அன்று அவரை வெறுத்தேன்.

ஏரி நிரம்பியதற்கு ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை என்று முடிவாயிற்று. போதகர் வீட்டுக்கு வந்தார்.

"சாட்சி நீங்கதான் சொல்லணும்மா. உங்க ஜெபத்துக்குக் கிடைச்ச மழை. நீங்க எழுந்து நின்னா சபையே திடப்படும்."

அவர் போனதும் அண்ணி என்னிடம் சொன்னார்: "எழுந்திருக்கலன்னா விசுவாசத்த விட்டுட்டாள்னு பேசுவாங்க. நான் விடல. ஆனா எழுந்து அவங்க கேக்கறத சொன்னா, அது பாக்காம எழுதின மாதிரி."

சனிக்கிழமை முழுக்க அவர் சாப்பிடவில்லை. போக வேண்டாம் அண்ணி என்று கெஞ்சினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் சபையில் சாட்சியைக் 'கர்த்தர் நல்லவர்' என்று முடிப்பார்கள், எல்லாரும் 'ஆமென்' என்போம். அண்ணி மைக்கைப் பிடித்தார்.

"இருநூத்தி முப்பத்தோரு மில்லிமீட்டர். என் கையால அளந்தேன். மூணு வருஷம் ஒரு சொட்டுக்கு ஏங்க வெச்சவர், ஒரே நாள்ல அவ்வளவு தண்ணியையும் இறக்கினார். வேற யாராலயும் முடியாது. கர்த்தர் வல்லவர். அத நான் பாத்தேன், சொல்றேன்."

நிறுத்தினார். போதகர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். "நல்லவர்னும் சொல்லுங்கம்மா."

"அத இன்னும் பாக்கலீங்க ஐயா. பாத்ததும் வந்து சொல்றேன்."

அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் ஆமென் வரவில்லை. நான்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.