துண்டுக்குள் நிமிர்ந்த விரல்

மழை பொய்த்து வைக்கோல் தீர்ந்ததும், என் கிழட்டுக் காளையைத் தேனிச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். மாட்டு வியாபாரி ஒருவர் சந்தை வழக்கப்படி துண்டுக்குள் கைவிட்டு, என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். பிடித்த விரல்களில் ஒன்றை மடக்கி, நானே விலையைக் குறைத்தேன்.

“என்னண்ணே, விக்கிறவுக கூட்டித்தான கேப்பாக? வெயில்ல கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று சிரித்தார்.

“குறைச்சே குடுங்க. மலைக்கு அங்கிட்டு அடிமாடா மட்டும் ஓட்டிராதீக.”

அவர் சிரிப்பு நின்றது. மடக்கிய விரலை மெல்ல நிமிர்த்திவிட்டார்.

“அதுக்குத்தாண்ணே வாங்க வந்தேன். வீட்டுக்கே ஓட்டிட்டுப் போங்க.”

அடுத்த மழைக்கு முன்பே காளை என் தொழுவத்தில் பட்டினியால் செத்தது. அன்று அந்த வியாபாரி ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு அது மலிவாகக் கிடைத்திருக்கும். அதன்பின் எத்தனையோ பேரம் பேசிவிட்டேன். துண்டுக்குள் யார் கையைப் பிடித்தாலும், விலை படியாமல் விலகிய அந்தக் கையைத்தான் என் விரல்கள் தேடுகின்றன.