இந்தக் கைக்கு ராசி கிடையாது

பிரியா, தினேஷ்... உங்கள் அப்பாவுக்குக் கைராசி கிடையாது.

பேச முடியாத, படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு மனிதரின் கன்னத்தை இந்தக் கையால்தான் அழுத்திப் பிடித்தேன். வாயைத் திறக்க வைத்துச் சோற்றைத் திணித்தேன். அவருடைய மகள் கேட்டபோது பொய்யும் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இல்லையென்றால் பாதியில் பேனாவை மூடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். பிரியா, பள்ளிக்கூட விழாவில் 'எனக்குப் பிடித்த மனிதர்' என்று நீ பேசிப் பரிசு வாங்கினாயே, அதனால்தான். "எங்கப்பா ஊட்டுனா சாப்பிடாதவங்களும் சாப்பிடுவாங்க" என்று மைக்கில் சொன்னாய். கைதட்டினார்கள். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் தப்பில்லை, தாயி. நான் சொன்ன கதையைத்தானே நீ சொன்னாய்?

ஞானமுத்து அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு விருதுநகரிலிருந்து நமக்கு கேக்கும் முறுக்கும் வருமே, அந்த வீட்டுப் பெரியவர். சிவகாசி அச்சாபீஸில் மிஷின்மேனாக இருந்தவர். ஆயுசு முழுக்க முருகனையும் லட்சுமியையும் காலண்டரில் அச்சடித்த வேதக்காரர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்தபின், நர்ஸ் வேலை பார்க்கும் மகள் எஸ்தரின் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு இருந்தது.

நான் அப்போதுதான் பட்டாசுக் கம்பெனியை விட்டுவிட்டு, உடல் முடியாதவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ட் ஒன்றில் சேர்ந்திருந்தேன். பயிற்சி கொடுத்தார்கள். தூக்குவது, புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும். உங்க வீட்டு வழக்கத்தை அங்க தூக்கிட்டுப் போகாதீங்க. கேளுங்க."

நானும் கேட்டேன். செருப்பை எங்கே விடுவது, எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிப்பது, பெரியவரை எப்படிக் கூப்பிடுவது... இதில் பாதி என் மானத்துக்காகக் கேட்டது.

எஸ்தர் சிரித்துவிட்டார். "எந்தத் தம்ளர்லயும் குடிங்கண்ணே. எங்கப்பாவ மட்டும் சாருன்னு கூப்பிட்டுறாதீக. முதலாளி நெனப்பு வந்து எங்களயெல்லாம் வேலை வாங்க ஆரம்பிச்சிருவாக. அண்ணாச்சின்னே சொல்லுங்க."

எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. அண்ணாச்சியையும்தான். பேச்சுத்தான் இல்லையே தவிர, குறும்புக்குக் குறைவில்லை. ஒருநாள் கடையில் கொடுத்த காலண்டர் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் முகத்தைச் சுளித்து, விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினார். உற்றுப் பார்த்தேன். சிவப்பு மை கொஞ்சம் விலகி விழுந்திருந்தது. "என்ன அண்ணாச்சி, அம்மனுக்கு உதட்டுச் சாயம் தாவாங்கட்டைக்கு எறங்கிருச்சா?" என்றேன். வாயின் ஒரு பாதி மட்டும் சிரிக்க, கட்டிலே குலுங்கிற்று. அதன்பிறகு எங்கே தப்பாக அச்சடித்த காலண்டர் கிடைத்தாலும் அவருக்கென்று வாங்கிப் போவேன்.

ஆனால், மத்தியானச் சோறு என்று வந்தால் ஆள் மாறிவிடுவார்.

ரசம் விட்டுக் குழையப் பிசைந்து முதல் வாயை நீட்டுவேன். உதட்டை இறுக்கிக்கொள்வார். கண்ணையும் மூடிக்கொள்வார். இடது கை போர்வைமேல் ஊர்ந்து ஊர்ந்து, என் கை இருக்கும் பக்கமாக வரும். தட்டிவிடத்தான் வருகிறது என்று நினைப்பேன். "வாயத் தொறங்க அண்ணாச்சி, ஆறிப்போகுதுல்ல" என்று உதட்டைத் தொட்டுத் தொட்டுக் கேட்பேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், மறுபடி மூடுவார். நான் மறுபடி தொடுவேன். கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆறின சோற்றில் நாலு வாய் இறங்கினால் பெரிது.

இரவில் மகள் கொடுத்தால் கிண்ணம் காலியாகிவிடுமாம்.

மகள் கையால் இறங்குகிறது, என் கையால் இறங்கவில்லை. அப்படியென்றால் குறை கையில்தானே? நாம் எந்தத் தெருக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா காலத்தில் டீக்கடையில் நமக்குத் தனித் தம்ளர். என் காலத்தில் தம்ளர் ஒன்றாகிவிட்டது, முகம் ஒன்றாகவில்லை. அதனால் என் கையைப் பார்த்து ஒரு வாய் மூடினால், எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். மகள் எந்தத் தம்ளரிலும் குடி என்கிறாள், மனுசன் மனசில் வேறு இருக்கிறது... இப்படி நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

அன்றைக்கு வெயில் அதிகம். பஸ்ஸில் நின்றே வந்திருந்தேன். அவர் கண்ணை மூடினார். கை ஊர்ந்து வந்தது. எனக்குள் என்னவோ அறுந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். வாய் திறந்தது. சோற்றை வைத்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார் பாருங்கள், பிள்ளைகளே... அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருசம் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அன்றைக்குத் தட்டு காலி. மறுநாளும் அப்படியே ஊட்டினேன். அதற்கு மறுநாளும். ஒருதரம் கைதவறிச் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை.

"அப்பா கன்னத்துல என்னண்ணே செவப்பா இருக்கு?" என்று எஸ்தர் கேட்டார்.

"சவரம் பண்ணயில பிளேடு இழுத்துருச்சும்மா."

அவர் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச முடியாத மனிதர் முன்னால் பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

பிறகு மத்தியானங்களில் பல்லையே கடித்துக்கொள்ள ஆரம்பித்தார். என் பலமும் செல்லவில்லை. இரவுச் சோறும் பாதியாகக் குறைந்து, தோள் எலும்பு துருத்திற்று. டாக்டர், விழுங்கும் சக்தி குறைகிறதோ என்னவோ, மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக முடிவாயிற்று. குழாய் போட்டுவிட்டால் நாக்கில் ருசி என்பதே இருக்காது என்று சொல்லி எஸ்தர் அழுதார். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். "இன்னைக்கி மத்தியானம் நானே குடுக்கேண்ணே" என்றார்.

நான் அடுக்களையில் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசல் வழியாகத் தெரிந்தது.

எஸ்தர் தட்டோடு உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். அப்பாவின் இடது கையை எடுத்து, செத்துக்கிடந்த வலது கைமேல் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்த ஆசீர்வதியும். அப்பாவுக்குப் பெலன் தாரும். ஆமென்."

அண்ணாச்சி குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார்.

என் கையிலிருந்த வெந்நீர் காலில் சிந்தியது. அந்த இடது கை என்னைத் தட்டிவிட வரவே இல்லை. வலது கையைத் தேடித்தான் ஊர்ந்திருக்கிறது. கும்பிடுவதற்கு இன்னொரு கை வேண்டுமே! நோயில் சிதறிப்போன வார்த்தைகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். முடிப்பதற்குள் நான் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் கலைத்திருக்கிறேன்.

வேதக்காரர்கள் சாப்பிடுமுன் ஜெபம் பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் போனவருக்கு ஜெபமும் போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன்... நினைத்துவிட்டேன் என்பதும் பொய். நினைக்கவே இல்லை.

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். "அம்மா, இது குழாய் சமாச்சாரம் இல்லை, என் சமாச்சாரம்" என்று ஒரு வரி. சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயமா? இருக்கலாம். வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் எஸ்தர் டியூட்டிக்குப் போனபின், தட்டை வைத்துக்கொண்டு அவர் இடது கையை எடுத்து வலது கைமேல் வைத்தேன். எனக்கு ஜெபம் தெரியாது. "சாமி... அண்ணாச்சி சாப்பிடப் போறாக. நல்லபடியா எறங்கணும்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லலாமா என்று தெரியாமல் நிறுத்தினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். முடிக்காமல் விட்டுவிட்டாயே என்பதுபோல. "ஆமென்" என்றேன்.

வாயைத் திறந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்த எஸ்தர், காலித் தட்டைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னண்ணே செஞ்சீக?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் பொறுமையா..."

"ஒங்க கைராசிண்ணே!"

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கைராசிதான் டிரஸ்டுக்குப் போய், நம் தெருவுக்கு வந்து, கடைசியில் உன் மைக்குக்கும் வந்து சேர்ந்தது, பிரியா. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பேசச் சொல்வார்கள். "என்னண்ணே செய்யணும்?" என்று கேட்பார்கள். "பொறுமை வேணும் தம்பி" என்று பெரிய மனுசன் மாதிரி சொல்வேன். கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் மூடியிருந்தால், உள்ளே என்ன நடக்கிறதென்று வீட்டாரிடம் கேளுங்கள் என்று. சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பார்கள்... என் பெருமைக்காக எத்தனை பேர் கன்னம் அழுந்தியதோ?

அண்ணாச்சியிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன். தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, "அண்ணாச்சி, கன்னத்தப் புடிச்சு அழுத்துனேன்ல... மனசுல வச்சுக்கிறாதீக" என்றேன். அவர் கண்ணை மூடினார். இடது கை ஊர்ந்து வலது கைமேல் ஏறிற்று.

அது மன்னிப்பா? இல்லை, சோற்றைப் பார்த்து ஜெபத்தைத் தொடங்கிவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் எஸ்தர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையாலதானண்ணே கடைசிவரைக்கும் சாப்பிட்டாக" என்று அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எஸ்தரிடம் இன்னும் சொல்லவில்லை. கேக் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

நீ பரிசு வாங்கிய மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், அம்மாவும் வேலைக்குப் போனபின், சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். ரசம் விட்டுக் குழையப் பிசைந்தேன். ஒரு வாய் சோற்றை வலது கையில் எடுத்துக்கொண்டு, இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் என் கன்னத்தில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அன்றைக்கு அழுத்திய அளவுக்கு அழுத்தினேன்.

கன்னத்தின் உள்சதை பல்லில் மாட்டி நசுங்கிற்று. ரத்தம் கரித்தது. வாய் தானாகத் திறந்தது.

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.