ஜெரால்டின் முப்பத்துமூன்று அடி வள்ளம்

ஜெரால்டு வாயைத் திறந்தால் எதுவும் அதன் சொந்த அளவில் வெளியே வராது. சங்கு குளித்த காலத்தில் தலையணை அளவு சங்கு எடுத்தேன் என்பார். தோணியில் மாலத்தீவுக்குப் போனபோது பனைமர உயரத்துக்கு அலை எழும்பியது என்பார். மனைவி பேபிக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. ஒரு கூடை மீன் கொண்டு வருகிறேன் என்று புருஷன் போன் செய்தால், அரைக் கூடைக்குத்தான் மசாலா அரைப்பாள். அதற்காக மனிதர் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவர் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்கிறவருக்குச் சப்பென்று இருக்குமே என்ற நல்லெண்ணம்தான்.

ஆனால் ஒரு பொய்யை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். தன் பைபர் வள்ளம் முப்பத்துமூன்று அடி நீளம், கரையிலேயே அதுதான் பெரியது என்பது அது. அடுத்த வள்ளக்காரரான பிரைட்டன் தன்னுடையது முப்பத்திரண்டு என்று பெருமையடித்த அன்று பிறந்த கணக்கு. மாதா திருவிழாவின் கடல் பவனியில் நீளமான வள்ளம்தான் முன்னால் போகும். வருஷா வருஷம் ஜெரால்டு வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டுமே! அந்த இடத்துக்காக அவர் உயிரையே விடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஓட்டப்பிடாரத்துப் பெண் ஐஸ்வர்யா ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். கரைக்காரர்கள் ஓங்கல் என்று சொல்லும் டால்பின்கள் சரியாக வளர்கின்றனவா, வயிறாரச் சாப்பிடுகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஓங்கலை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா என்ன? டிரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுப்பாள். டிரோன் காட்டிய உயரத்தை நம்பி நீளத்தைக் கணக்கிட முடியாததால், படத்தில் கூடவே விழும் ஜெரால்டின் வள்ளத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டாள். எத்தனை அடி என்று அவரிடமே கேட்டாள். பக்கத்தில் பிரைட்டன் வலை உதறிக்கொண்டிருந்தார். வேறு என்ன சொல்வார் ஜெரால்டு?

சில மாதம் கழித்து லேப்டாப்பும் கையுமாக ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, நம்ம ஓங்கல் எல்லாம் மத்த கடல்ல உள்ளத விட ஒரு அடி நீளம்!”

எங்கள் கடல் சோறு அப்படி என்று ஜெரால்டு மீசையைத் தடவிக்கொண்டார். இங்கே மீனுக்குப் பஞ்சமே இல்லை என்று மீன்துறைக்கு அறிக்கை அனுப்பப் போவதாக அவள் சொன்னதும் அந்தக் கை அப்படியே நின்றது. விசைப்படகுகள் கரையோரம் வந்து வாரிக்கொண்டு போகின்றன, மீனே இல்லை என்று கரையே கையெழுத்துப் போட்டு, போன வாரம்தான் அதே மீன்துறைக்கு மனு கொடுத்திருந்தது. பிரைட்டன் முதல் கையெழுத்து, இவர் இரண்டாவது. தன் வாயே இப்போது ஊர் சோற்றில் மண்ணைப் போடப் போகிறது.

ஓங்கலைக் கொஞ்சம் குறைத்துப் போடக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். முக்கால் அடி? சரி, அரை அடி? இது என்ன மீன் ஏலமா என்று அவள் முறைத்தாள். பிரைட்டன் காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, ஜெரால்டு குரலைத் தாழ்த்தினார்.

“வள்ளம் லேசாக் கொறச்சல்தாம்மா. வெயில்ல சுருங்கியிருக்கும்.”

அவள் போய் அளக்கும் டேப்பை எடுத்து வந்தாள். டேப்பைக் கண்டதும் கரையே கூடிவிட்டது. மறுமுனையைப் பிடிக்கப் பிரைட்டனே ஆசையாக ஓடி வந்தார். இருபத்தெட்டு! பிரைட்டன் சிரித்த சிரிப்பு துறைமுகம்வரை கேட்டிருக்கும். ஆனால் ஐஸ்வர்யாவுக்கு அந்தக் கரையில் ஒருவர் வாயின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. நேரே பிரைட்டன் வள்ளத்துக்குப் போய் டேப்பை நீட்டினாள். இருபத்தாறரை. அவ்வளவுதான், மற்ற வள்ளக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

பவனியில் முன்னால் போகும் இடம் தப்பித்தது. ஜெரால்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அதற்குள் ஐஸ்வர்யா மணலிலேயே உட்கார்ந்து கணக்கைத் திருத்தினாள். ஒன்பது அடி என்றிருந்த ஓங்கல் எட்டடிக்கும் கீழே இறங்கியது. மற்ற கடல்களில் உள்ளதைவிட இங்கேதான் குட்டை, இரை போதாமல் இருக்கலாம் என்றாள்.

மனுவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று பிரைட்டன் துள்ளிக் குதித்து ஜெரால்டின் முதுகில் தட்டினார். ஜெரால்டுக்குச் சந்தோஷம் வரவில்லை. தினமும் வள்ளத்தோடு போட்டி போட்டு ஓடி வருகிற பிராணிகள் பசியோடா வந்தன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“ஏலே பிரைட்டா, என் வள்ளம் கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. நம்ம கடல் சோறு அப்படின்னு அதுகளப் பத்திச் சொன்னதாவது நெசமா இருந்திருக்கலாம்ல” என்றார்.